மூன்றாம் பக்கத்தில் பெயர் இல்லை

அக்கா பிரேமலதாவின் போன் வந்தபோது கோபிகிருஷ்ணன் திருப்பதி அலிபிரி ரோட்டிலிருந்த தன் ஆபீஸில், கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். காலை பத்தே முக்கால் மணி. வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். சத்தியவேட்டுப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் நிற்கிறவள். உள்ளே போகும்போதே போனை லாக்கரில் போட்டுவிட வேண்டும். அப்படியென்றால் இன்றைக்கு லீவு போட்டிருக்கிறாள். ஜுரம் வந்தாலே லீவு போடாதவள்.

“துன்னுக்கினு கீறியாடா? அப்பறமா பேசட்டா?”

“பரவால்ல, சொல்லுக்கா.”

“நான் இன்னாவோ தப்பு பண்ணிட்டேன் போல கீது கோபி. அந்த அப்ளிகேஷன் போட்டேன் இல்ல? பிரிண்ட் எடுத்தா பேரே இல்ல. எல்லாம் காலியா கீது.”

கோபி இட்லியைக் கீழே வைத்துவிட்டான். அந்த அப்ளிகேஷன் எந்த அப்ளிகேஷன் என்று அவன் கேட்கவே தேவையில்லை. எல்லை மண்டலங்களின் தமிழ்வழிப் பள்ளிகளுக்குப் பதினொரு ஆசிரியர் வேலை. சித்தூரில் ஓர் அலுவலகம் அறிவித்திருந்தது. எந்த அலுவலகம் என்று கேட்டு என்ன ஆகப்போகிறது, எல்லா அலுவலகமும் ஒரே ரகம்தான். ஒன்பது வருஷம் கழித்து வந்த அறிவிப்பு. வயது நாற்பத்து நான்கைத் தாண்டியிருக்கக் கூடாது. பிரேமலதாவுக்கு ஆகஸ்ட் மாதம் நாற்பத்து நான்கு முடிகிறது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான், பி.எட். சர்டிபிகேட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைக்க வேண்டியதுதான். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இன்றைக்கு; சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். இதெல்லாம் அவனுக்கு மனப்பாடம், ஏனென்றால் அந்த விண்ணப்பத்துக்கான வெப்சைட்டைக் கட்டினவனே அவன்தான்.

“எப்ப போட்ட?”

“முந்தாநேத்து.”

“முந்தாநேத்தா? ரெண்டு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த?”

“கத்தாதடா. நான்தான் எங்கியோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன். நீ செஞ்ச சைட்டு, அதுல போய் கொறை சொல்றதான்னு... உங்க சார் காதுல உழுந்தா உனக்குத்தானே கஷ்டம்.”

எங்கே எது உடைந்தாலும் தன் கைதான் பட்டிருக்கும் என்று நினைப்பது அவள் சுபாவம். அந்தச் சுபாவத்துக்கு இரண்டு நாள் போய்விட்டது. கோபிக்கு அவள்மேல் கோபமும் பாவமுமாக வந்தது. இருந்தாலும் அவன் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? இந்த ஒரு வாரத்தில் போன் செய்த ஐந்தாறு பேருக்குச் சொன்ன அதே மந்திரம்தான்: “பிரவுசர்ல பழசெல்லாம் கிளியர் பண்ணிட்டு மறுபடி போட்டுப் பாரு.”

“போட்டேன். இந்த ஆதாருக்கு ஏற்கெனவே விண்ணப்பம் வந்திடுச்சின்னு சொல்லுது.”

ஒரு ஆதாருக்கு ஒரு விண்ணப்பம்தான் என்று கட்டுப்பாடு வைத்ததும் அவனேதான். எல்லாம் அவனேதான்.

“என் பேரு மொதல்ல வந்துதுடா,” என்றாள் அக்கா. “ரெண்டாவது பக்கத்துல நமஸ்காரம், பிரேமலதா காருன்னு நல்லா போட்டுக்கினு வந்துது. மூணாவது பக்கம் போனா நமஸ்காரம், காரு. நடுவுல ஒண்ணுமே இல்ல. நெட் சென்டர்காரன், சர்வர் ஸ்லோம்மா, பிரிண்டுல வந்திடும்னு சொல்லி சப்மிட் அமுக்கிட்டான்.”

தெலுங்கில் மரியாதைக்குச் சேர்க்கிற அந்தக் ‘காரு’வை அவள் சொன்ன விதத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. விஜயபுரம் பக்கத்து ஊரில் அவர்கள் நைனா வீராசாமியை அறுபது வயதிலும் ‘டேய்’ என்று கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். அடுத்தவர் நிலத்தில் கடலை பிடுங்கிய குடும்பம். அந்த வீட்டு வாசலில் நின்று யாரும் ‘காரு’ போட்டதில்லை. கம்ப்யூட்டர் போட்டது. போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் எடுத்துக்கொண்டது.

“நீ சென்டர்லியே உக்காந்துக்கோக்கா. எங்கியும் போவாத. நான் பாக்கறேன்.”

கோபி விண்ணப்பப் பட்டியலைத் திறந்தான். தினமும் சாயங்காலம் சித்தூருக்கு அவன் ஒரு கணக்கு அனுப்புவான்: இன்று இத்தனை விண்ணப்பம், மொத்தம் இத்தனை. எண்ணிக்கையை மட்டும்தான் அவர்கள் கேட்டார்கள், எண்ணிக்கையை மட்டும்தான் அவனும் பார்த்தான். நேற்றுவரை இருநூற்றுப் பதினொன்று. இப்போதுதான் பட்டியலைக் கண்ணால் பார்த்தான். இருநூற்றுப் பதினோரு ஆதார் எண். பக்கத்தில் பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை, படிப்பு இல்லை, போன் நம்பர் இல்லை. ஒருத்தருக்குக்கூட இல்லை. ஆதார் மட்டும் எப்படி வந்தது என்றால், கடைசிப் பக்கத்தில் உறுதிமொழியோடு அதை இன்னொரு தடவை அடிக்கச் சொல்லியிருந்தான். மற்றதெல்லாம் முன்பக்கங்களிலிருந்து கூடவே வர வேண்டியவை. வரவில்லை.

இந்தக் கூடவே வருகிற சமாச்சாரத்துக்குச் செஷன் என்று பெயர். திருப்பதிக்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். மலைக்கு நடந்து போகிறவருக்குக் கீழே டோக்கன் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். வழியில் அதைக் காட்டினால்தான் இன்னார் என்று தெரியும். வெப்சைட்டும் அப்படித்தான், ஒவ்வொரு பக்கமும் நம்மைப் புதிதாகத்தான் பார்க்கும். முதல் பக்கத்தில் ஒரு டோக்கன் கைக்கு வந்திருந்தால்தான் மூன்றாம் பக்கம் “வாங்க, நீங்கதானா” என்று சொல்லும். டோக்கன் வரவில்லையென்றால் நீ யாரோ, நான் யாரோ. இருநூற்றுப் பதினோரு பேரும் டோக்கன் இல்லாமல் மேலே போய் நின்றிருக்கிறார்கள்.

ஏன் வரவில்லை? அதுதான் கேள்வி. ஆபீஸ் கணினியில் அதே ஆறு பக்கத்தையும் ஓட்டிப் பார்த்தான். நமஸ்காரம், டெஸ்ட் காரு. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம், ஆறாம் பக்கம் வரைக்கும் டெஸ்ட் காரு ராஜா மாதிரி கூடவே வந்தார். சித்தூர் சர்வரில் ஓட்டினால் மூன்றாம் பக்கத்தில் ஆளைக் காணோம். இங்கே ஓடுகிறது, அங்கே ஓடவில்லை. இந்தத் தொழிலில் இதைவிடக் கேடுகெட்ட நிலைமை வேறு கிடையாது. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாலும் சுவர் ஒன்றும் சொல்லாது.

சித்தூரில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்ப்பவர் சிரஞ்சீவி என்கிற உதவியாளர். விண்ணப்பம் தொடங்குவதற்கு முதல் நாள்தான் சைட்டைப் பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு மாற்றியிருந்தார்கள். அன்றைக்குக் கோபி, ஆறு பக்கத்தையும் ஒரு தடவை முழுசாகச் சோதித்துவிடலாம் சார் என்றான். “ஏமய்யா, நானே பார்த்துட்டேன், பேரு வருது, பாகா உந்தி, நல்லாருக்கு” என்றார் அவர். பார்த்தது இரண்டு பக்கம். இரண்டாம் பக்கம்வரை பெயர் வரத்தானே செய்கிறது, முதல் பக்கத்தில் அடித்தது அதற்கு நேராகவே போய்விடுமே! கோபியும் இன்னொரு தடவை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது அவரைப் பிடித்தான். முதலில் டோக்கன்களைப் போட்டு வைக்கும் போல்டரில் எழுத அனுமதி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். அவர் டீ குடித்துவிட்டு வந்து, இருக்கிறது என்றார். டிஸ்க் நிரம்பிவிட்டதா? பாதிகூட நிரம்பவில்லை. சைட்டின் முகவரி ஒரு பக்கத்தில் ஒரு விதமாகவும் அடுத்த பக்கத்தில் வேறு விதமாகவும் வருகிறதா? இல்லை. பிரவுசரில் டோக்கனை வைத்திருக்கும் குக்கீயின் ஆயுள் குறைவாக வைத்திருக்கிறதா? அதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் அரை மணி எடுத்துக்கொண்டார். மணி ஒன்றரை ஆனது. இட்லி காய்ந்துபோய்க் கிடந்தது.

“சார், எர்ரர் எல்லாம் திரையில தெரியாதபடி ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க. ஒரே ஒரு தடவை ஆன் பண்ணுங்க. இல்லன்னா எர்ரருங்க பதிவாகுற அந்த லாகையாவது அனுப்புங்க. இன்னா பிராப்ளம்னு அதுவே சொல்லிடும்.”

“அதி குதரது அய்யா, முடியாது. செக்யூரிட்டி ஆடிட்ல ஆஃப் பண்ணச் சொன்னாங்க. லாகு வேணும்னா உங்க கம்பெனி லெட்டர்ஹெட்ல உங்க ஓனர் சைன் பண்ணி மெயில் போடணும்.”

“சார், இன்னிக்கு அஞ்சு மணிக்கு முடியுது சார்.”

“அதான் சொல்றேன், சீக்கிரம் அனுப்பு.”

ஓனர் பாலையா. அவர் எங்கே? மலைமேல். தரிசன க்யூவில். கோயிலுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அவருடைய போன் கவுன்டரில் டெபாசிட் ஆகி, ஒரு பையில் தூங்கிக்கொண்டிருந்தது. கோபி பதினேழு தடவை அடித்தான். பதினெட்டாவது தடவை அடிக்கும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது, அழுகை வருகிற சிரிப்பு.

நெட் சென்டரில் காத்திருந்த அக்காவைக் கூப்பிட்டான். “சாப்ட்டியாக்கா?”

“இங்கயே கீறேண்டா. எழுந்தா இந்த சிஸ்டத்த வேற யாராச்சும் புடிச்சிப்பாங்க. ஆவுமா?”

“ஆவும்.”

“ஆவலன்னாலும் பரவால்லடா, நீ டென்ஷன் ஆவாத.”

பரவாயில்லையாம்! இருபது வருஷமாகப் பரவாயில்லை, பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருப்பவள். போன அறிவிப்பு வந்து கோர்ட் கேஸில் மாட்டிக்கொண்டபோதும் பரவாயில்லை, பேக்கிங் வேலைக்குப் போனபோதும் பரவாயில்லை. விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் தமிழ் இலக்கணக் கைடை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிற பெண்ணை, “இன்னாம்மா, இன்னும் எக்ஸாம் முடியலியா?” என்று கூட வருகிற பொடிசுகள் கிண்டல் செய்தபோதும் பரவாயில்லை. கோபிக்கு அதுதான் தாங்கவில்லை.

மூன்று மணிக்கு லெட்டர்ஹெட்டை எடுத்து, பாலையாவின் கையெழுத்தை அவனே போட்டு அனுப்பினான். போர்ஜரிதான். ஆனால் வேறு என்ன செய்வது? மூன்று நாற்பதுக்கு லாக் வந்தது. ஆயிரக்கணக்கான வரிகள், எல்லாம் ஒரே வரி. செஷனைத் தொடங்க முடியவில்லை, அதற்கு முன்பே வெளியே எழுத்து போய்விட்டது. எந்தப் பக்கம்? ஒன்று முதல் ஆறு வரை எல்லாப் பக்கமும். எத்தனையாவது வரி? முதல் வரி.

முதல் வரி என்று பார்த்ததுமே கோபிக்குப் புரிந்துவிட்டது. பைலைத் திறந்து பார்க்கக்கூடத் தேவையில்லை. ஐயோ என்று வாய்விட்டே சொன்னான்.

பாலையாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த சைட்டை ஒப்படைப்பதாக இருந்தாலும் அன்று காலை அலிபிரி படிக்குப் போய்க் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார். குங்குமம் ஒட்டின விரலோடு ஆபீஸுக்கு வந்து, பைலின் தலையில் ‘ஸ்ரீ’ என்று தெலுங்கு எழுத்தில் போடச் சொல்வார். கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை என்று எதைத் தொடங்கினாலும் தலையில் ‘ஸ்ரீ’ போடுவது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அவர் அதைப் புரோகிராமுக்கும் கொண்டுவந்துவிட்டார். வழக்கமாகக் கோபியே அதை அடிப்பான், கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப்போகிற குறிப்பு வரிக்குள் வைத்துவிடுவான். யாருக்கும் தொந்தரவு இல்லை.

இந்தத் தடவை கம்பெனிக்கு முதல் சர்க்கார் வேலை. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தேடித் தேடி, ஆறு பைலின் தலையிலும் அவரே அடித்தார். குறிப்பு வரிக்குள் வைக்கிறேன் சார் என்று கோபி சொன்னதற்கு, “ஏம் பாபு, சாமியப் போய் மறைச்சு வைக்கிறதா? வெளிய ஜனங்கிட்ட போகணும்” என்றார். கோபி கைகட்டி நின்றான். போட்டுப் பார்த்தால் விண்ணப்பத்தின் தலையில் கறுப்பாக ஒரு ‘ஸ்ரீ’ துருத்திக்கொண்டு தெரிந்தது. சித்தூரில் கேள்வி கேட்பார்களே என்று, அவர் எழுந்து போனதும் கோபி அதற்கு வெள்ளை நிறம் கொடுத்தான். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து. சாமியும் இருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது; சாருக்கும் திருப்தி, சர்க்காருக்கும் திருப்தி. ஓட்டிப் பார்த்தான், ஓடியது. அத்தோடு மறந்துவிட்டான்.

ஓடத்தான் செய்யும். ஆபீஸ் கணினியிலும் பழைய சர்வரிலும் பக்கம் முழுவதும் தயாரான பிறகுதான் மொத்தமாக வெளியே போகும். புது சர்வரில் அப்படி இல்லை. எழுத்து எழுத்தாக அப்போதைக்கப்போதே போய்விடும். டோக்கனோ எல்லாவற்றுக்கும் முன்னால் போக வேண்டியது. ஒரே ஒரு எழுத்து முந்திக்கொண்டால் போதும், பிறகு டோக்கன் தரவே முடியாது. அந்த ஒரு எழுத்து முந்திக்கொண்டது. ஒரு வாரமாக, இருநூற்றுப் பதினோரு பேருக்கும்.

ஆறு பைலிலும் முதல் வரியை அழித்தான். ஒரு நிமிஷ வேலை. காலை பதினொன்றிலிருந்து தேடியது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். சித்தூருக்கு அனுப்பி, சிரஞ்சீவி அதைச் சர்வரில் ஏற்றும்போது நாலு முப்பத்தைந்து.

ஓட்டிப் பார்த்தான். நமஸ்காரம், டெஸ்ட் காரு. மூன்றாம் பக்கத்திலும் இருந்தார். ஆறாம் பக்கத்திலும் இருந்தார்.

“சார், இப்ப சரியாயிடுச்சு. அந்த இருநூத்திப் பதினொண்ணும் காலி சார். டைம் நாலு நாள் நீட்டிச்சு, பேப்பர்ல போட்டு, எல்லாரையும் மறுபடி போடச் சொல்லணும்.”

“நீட்டிக்கிறதா? அது மேல கலெக்டர் லெவல்ல பைல் போகணும் அய்யா. அஞ்சு மணிக்கு மூடணும்னு ஆர்டர்.”

“அப்ப அந்தக் காலி வரிங்கள அழிச்சிடலாமா? அதுங்க கீறதாலதான் யாரும் மறுபடி போட முடியல.”

“டேட்டால கை வைக்காதே!” சிரஞ்சீவியின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. “விஜிலென்ஸ் வந்தா நீயும் நானும் உள்ள போவோம். வத்து. தொடாதே.” போனை வைத்துவிட்டார்.

நாலு நாற்பத்திரண்டு. டேட்டாபேஸ் திருப்பதியிலிருந்தும் திறக்கும். பாஸ்வேர்டு வைத்ததே கோபிதான். திறந்தான். காலையிலிருந்து ஒன்றும் கூடாமல் அதே இருநூற்றுப் பதினோரு வெறும் வரி அவன் முன்னால் நின்றது. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? அழித்தால் இந்தப் பதினெட்டு நிமிஷத்தில் யார் வந்து மறுபடி போடப்போகிறார்கள்? அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை, போன் நம்பரும்தான் தொலைந்துவிட்டதே. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால், நானும் விண்ணப்பித்தேன் என்பதற்கு அந்த வெறும் ஆதார் வரி ஒன்றுதான் சாட்சி. அதையும் அழித்துவிட்டால் அவர்கள் வந்ததற்கே அடையாளம் இல்லை. ஆக, அதைத் தொடக் கூடாது. நியாயம் அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

நியாயம் தெரிந்தவன் அக்காவின் ஆதார் எண்ணைத் தேடினான். நூற்று எழுபத்து நான்காவது வரி. அதை மட்டும் அழித்தான்.

“அக்கா, இப்ப போடு. சீக்கிரம். பழைய வரிய எடுத்துட்டேன்.”

“மத்தவங்களுக்கும் எடுத்திட்டியா?”

“எடுக்கறேன், நீ மொதல்ல போடுக்கா!”

அவள் போனை ஸ்பீக்கரில் வைத்தாள். நெட் சென்டரின் பேன் சத்தம் கேட்டது. அவள் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடித்தாள், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. பெயர், பிறந்த தேதி, நைனா பெயர். இரண்டாம் பக்கம். அடுத்த பக்கத்துக்கு அவள் அமுக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா?”

“வந்துதுடா. மூணாவது பக்கத்துலயும் கீறேண்டா. பிரேமலதா காருன்னு போட்டுக்கினு வருது.”

நாலு ஐம்பத்தாறுக்குச் சப்மிட் ஆனது. பிரிண்டில் எல்லாம் இருந்தது. ஐந்து மணிக்கு சைட் மூடியது. கோபி மேஜைமேல் தலையைச் சாய்த்து அழுதான். பாலையா அப்போதுதான் போனைத் திரும்ப வாங்கியிருந்தார்; கூப்பிட்டு, “ஏம் பாபு, இத்தன மிஸ்டு காலு? தரிசனம் சக்கக, நல்லா ஆயிடுச்சு, உனக்கு லட்டு எடுத்துக்கினு வரேன்” என்றார்.

பதினோரு நாள் கழித்துச் சித்தூரிலிருந்து இருவரையும் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. பிரேமலதா இஸ்திரி போட்ட புடவை கட்டி, பிரிண்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். இன்டர்வியூ என்றே நினைத்திருக்கிறாள், பாவம்.

அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கோபியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதராகத்தான் இருந்தார். சத்தம் போடவில்லை. பட்டியலை மேஜைமேல் விரித்துக் காட்டினார். இருநூற்றுப் பத்து வரியில் பெயர் இல்லை. கடைசி வரியில் மட்டும் முழுசாக ஒரு பெயர், ஊர், படிப்பு, போன் நம்பர். சேர்ந்த நேரம் நாலு ஐம்பத்தாறு.

“யார் இந்த பிரேமலதா?”

“என் அக்கா சார்.”

சிரஞ்சீவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடாதே என்று சொன்னதற்கு அவரிடம் சாட்சி இருந்தது. லெட்டர்ஹெட்டில் இருந்த பொய்க் கையெழுத்தும் இருந்தது. கோபி ‘ஸ்ரீ’யிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பாலையாவையும் விசாரித்தாகிவிட்டது என்றார். இதுவரை பதினெட்டு சைட்டுக்கு ‘ஸ்ரீ’ போட்டிருக்கிறேன், ஒன்றுகூட நின்றதில்லை, சாமிமேல் பழி போடுகிறான் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். கோபியை வேலையை விட்டு எடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

முடிவு அன்றைக்கே கையில் கொடுக்கப்பட்டது. இருநூற்றுப் பத்து விண்ணப்பங்கள் விவரம் இல்லாததால் நிராகரிப்பு. ஒரு விண்ணப்பம் முறைகேடு என்று ரத்து. ஆள் எடுப்பு தள்ளிவைப்பு. அடுத்த வருஷம் புதிதாக அறிவிப்பு வரும், வயது அப்போதைய விதிப்படி. பிரேமலதா காகிதத்தைக் கடைசிவரை படித்தாள். முறைகேடு என்ற இடத்தில் அவளுடைய முழுப் பெயர் இருந்தது. அது மட்டும் விட்டுப்போகாமல் வந்திருந்தது.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இருவரும் திருப்பதி பஸ்ஸுக்காக நின்றார்கள். அவள் அங்கே மாறி சத்தியவேட்டுக்குப் போக வேண்டும்; நாளைக்கு முதல் ஷிப்ட். பாலையா ‘ஸ்ரீ’ போட்டதுவரை கோபி வழியில் அவளிடம் சொல்லியிருந்தான். ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். அவள் பாதி குடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டினாள்.

“அந்த இருநூத்திப் பத்து பேருக்கும் எடுக்கறேன்னு சொன்னியேடா.”

“சொன்னேன்.”

“எடுக்கல.”

“இல்லக்கா.”

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. அதைவிட மோசம், சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள். “உடு. எனக்காவத்தான் பண்ண. உம்மேல தப்பு இல்லடா. அந்தாளு எங்கியோ மூலையில இன்னாவோ எழுதி வெச்சிட்டுப் போனா உனக்கு எப்படித் தெரியும்? நீ பாத்திருந்தா உட்டிருப்பியா?”

இருபது வருஷத்துப் பரவாயில்லைகளில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பேசாமல் ஜூஸைக் குடித்திருந்தால் போதும். கோபியால் முடியவில்லை.

“பாத்தேன்க்கா. அவரு எழுதும்போது பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். யார் கண்ணுக்கும் தெரியாம அதுக்கு வெள்ளை போட்டதே நான்தான்.”

பிரேமலதா அவன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.

பஸ் வந்தது. கூட்டம் இல்லை. அவள் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்துக்கொண்டாள், கைப்பையைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். கோபி வந்து நின்றபோதும் அவள் அதை எடுக்கவில்லை.